பார்சல் வந்துச்சா ஐயா?

கோவில்பட்டி
14.12.2025, ஞாயிறு

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ, மருமகள், குட்டி எல்லாரும் நலமா?

பார்சல் வந்துச்சா ஐயா? நவம்பர் 22-ஆம் தேதி ஸ்பீட் போஸ்ட்டில் போட்டேன். புதுப் புத்தகம் இரண்டு பிரதி, குட்டிக்கு ஒரு பாவாடை சட்டை, கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட். புனேவுக்கு நாலைந்து நாளில் போய்விடும் என்றார்கள். பாவாடை நீளம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடுப்பில் மடித்துத்தான் தைக்கச் சொல்லியிருக்கிறேன். பிரித்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வரும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று, போன் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஒண்ணாம் தேதி பணம் வந்துவிட்டது. வேலை இருக்கும், ராத்திரி ஷிப்ட் இருக்கும். நான் பண்ணினால் மருமகள்தான் எடுக்கிறாள். "இப்பத்தான் தூங்குறாங்க அத்தை" என்கிறாள். நல்ல பிள்ளை, அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, குரல் இறங்கிவிடுகிறது. சரி, தூங்கட்டும். ஆனால் ஷிப்ட் முடிந்து வரும்போது தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதே. ஹெல்மெட்டைத் தலையில் வைத்தால் மட்டும் பற்றாது, தாடைக்குக் கீழே வாரை மாட்டணும். நீ மாட்டமாட்டாய். போன தடவை வந்தபோது பார்த்தேன்.

நவம்பர் மாசம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. குழந்தைகள் எழுத்தாளர் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது நவம்பர் 14-ஐ ஒட்டித்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஒரே நாளில் மூன்று பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். ஜூன் மாசம் நாமே போய் நின்றாலும் "அட்மிஷன் நேரம் டீச்சர், அப்புறம் பார்ப்போம்" என்பார்கள். இந்த வருஷம் பதினோரு பள்ளிக்கூடம். எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். எட்டயபுரம் பக்கம் நாலு, கயத்தாறு பக்கம் மூன்று, கழுகுமலை பக்கம் இரண்டு, மற்றது இங்கேயே. நான் ரிட்டயர் ஆன பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகவில்லை. கூப்பிட்டார்கள். மழை என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸுக்கு எனக்கு ஒரு பைசா செலவில்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாதே. கண்டக்டர்களுக்கு என்னைப் பழகிவிட்டது. "இன்னைக்கு எந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டேதான் சைபர் டிக்கெட்டைக் கிழிக்கிறார்கள். ஒருத்தர் தன் மகளுக்கு என்று புத்தகம் கேட்டார். சும்மா வேண்டாம் என்று எழுபது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். விலை கொடுத்து வாங்கியவர் என்று இந்த மாசத்தில் அவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்களெல்லாம் "கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று உரிமையாகக் கேட்கிற ரகம்.

அப்பா கேட்கிறார், காலையில் ஆறரைக்குக் கிளம்பி சாயங்காலம் வந்து விழுகிறாயே, என்ன கிடைக்கிறது என்று. சால்வை கிடைக்கிறது. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க சால்வைதான். நடுங்குகிற குளிர் இருக்கிற ஊரா இது? உனக்கு நாலைந்து அனுப்பலாம் என்று பார்த்தால் எல்லாவற்றிலும் ஜரிகை. ஒரு தலைமையாசிரியர், பாவம், அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன், சால்வைக் காசுக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வாழைப்பழம் வாங்குங்கள் என்று. அவர் வாழைப்பழமும் வாங்கி சால்வையும் போட்டார். அப்புறம் அவர் ஒரு முக்கால் மணி நேரம் என்னைப் பற்றிப் பேசினார். மூணாம் வகுப்புப் பிள்ளை இருபது நிமிஷம்தான் உட்காரும், அதில் எனக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு வாண்டு என் செருப்பு வாரை அவிழ்த்து மாட்டி அவிழ்த்து மாட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தே அன்றைக்கு ஒரு கதை சொன்னேன், செருப்புக்குள் குடியிருந்த எறும்பு. அங்கேயே கட்டியது. நன்றாக வந்துவிட்டது.

மைக் கொடுத்தால் வாங்குவதில்லை. மைக் பிடித்தால் நான் டீச்சராகிவிடுகிறேன், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொள்கின்றன. தரையில் உட்கார்ந்துவிட்டால் மடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். எழுதியதை வாசிக்கவும் மாட்டேன், சொல்வேன். எந்த இடத்தில் பிள்ளை கண்ணை எடுத்து ஜன்னலைப் பார்க்கிறதோ அந்த இடம் கதையில் வேண்டாத இடம். வீட்டுக்கு வந்து அதை அடித்துவிடுவேன். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கக் காலத்தில் கற்றது இது. ராத்திரி எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கில், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வந்த பொம்பளைகளுக்குச் சின்னப் புத்தகம் வாசித்துக் காட்டுவோம். அவர்கள் கொட்டாவி விட்டால் அந்த வரி சரியில்லை. நீ அப்போது என் முதுகில் சாய்ந்து தூங்குவாய். ஞாபகம் இருக்காது.

பிள்ளைகள் கேட்கிற கேள்வி எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றுதான். உங்களுக்கு என்ன வயசு. பேய் பார்த்திருக்கீகளா. ஒரு கதைக்கு எவ்வளவு குடுப்பாக. உங்க வீட்ல யார் யார் இருக்கா. கடைசிக் கேள்விக்கு, மகன் புனேயில் கார் கம்பெனியில் இருக்கிறான், பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கிற வேலை என்பேன். பையன்களுக்கு அதற்குமேல் என் கதை எதுவும் வேண்டாம். "சர்ருனு நிக்குமா டீச்சர்?" "மழையில நிக்குமா?" நான் என்னத்தைக் கண்டேன். எல்லாம் நிற்கும், என் மகன் பார்த்த வண்டி நிற்கும் என்று சொல்லிவிட்டு வருவேன். சொல்லும்போது நெஞ்சு நிறைந்துதான் இருக்கும். அப்புறம் பஸ்ஸில் வரும்போது தோன்றும், யார் யாரோ பெற்ற பிள்ளை இவ்வளவு கேட்கிறதே, இந்த ஆறு வருஷத்தில் நீ ஒரு தடவை, இன்றைக்கு எந்த ஊர் போனாய், என்ன கதை சொன்னாய் என்று கேட்டதில்லை. ஏழு புத்தகம் வந்துவிட்டது. "ம், நல்லாருக்கு" என்பாய். அட்டையைப் பார்த்துச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. போகட்டும். பிரேக் பார்க்கிற பிள்ளைக்கு ஹெல்மெட் வாரை மாட்டு என்று ஒருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் புத்தகத்தையாவது உள்ளே பிரித்துப் பார்த்தாயா?

பிப்ரவரியில் கூந்தன்குளம் போனதை உனக்குச் சொல்லவே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர், நாலு டீச்சர்மார், கூடவே நான். நாங்குநேரி பக்கம், 1994-இல் சரணாலயம் ஆன இடம். அங்கே பறவை குளத்தில் மட்டும் இல்லை ஐயா, தெருவிலேயே இருக்கிறது. வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டிக் குஞ்சு வைத்திருக்கிறது, கீழே அந்த வீட்டு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். தலையில் எச்சம் விழுந்தால் துடைத்துக்கொண்டு போகிறார்கள். தீபாவளிக்கு ஊரில் வெடி போடுவதில்லையாம். நம் பிள்ளைகளோ பாதிப் பேர் சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஒரு பையன், "அப்ப எங்கம்மாவுக்கு வேலை?" என்று கேட்டான். டீச்சர் அவனை அதட்டினாள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒரு வருஷமாக அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், முடியவில்லை. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்று சொன்னேன். "டிக்கெட் இல்லாமலா?" என்றது ஒன்று. உங்க டீச்சர் மாதிரிதான், ஓசி என்றேன்.

நம் ஊர் உதயசங்கர் சாருக்கு 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்ததிலிருந்து அப்பாவுக்கு ஒரு நப்பாசை. ஐம்பதாயிரமும் செப்புப் பட்டயமும் தருவார்களாம், நீயும் எழுது, எழுது என்கிறார். என்னவோ வடகம் பிழிகிற மாதிரி. உன் சித்தப்பா ஒரு பக்கம், "சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுறதெல்லாம் ஒரு எழுத்தா மதினி" என்கிறார். அழ. வள்ளியப்பா பாங்கியில் கணக்கெழுதிக்கொண்டே பாட்டெழுதினார், நீங்கள் இன்றைக்கும் பேத்திக்குப் பாடுகிற பாட்டு யாருடையது என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

புனே குளிருக்குத் தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி. குட்டிக்கு வெந்நீர் கொடுங்கள். அந்தப் பார்சலில் புத்தகத்தைப் பாவாடைக்குள் சுற்றி வைத்திருந்தேன், பாவாடையை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களோ என்றுகூட ஒரு யோசனை வந்தது. பச்சை அட்டை. எட்டுக் கதை. ஆறாவது கதைக்குப் பேர் 'சாக்பீஸ் பெட்டி.'

மூன்று வருஷமாக அந்தக் கதையை வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த கதை. இந்த நவம்பர் 19, புதன்கிழமை, கழுகுமலை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சொன்னேன். சீக்கிரமே போய்விட்டேன், பிள்ளைகள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பொங்கல், சாம்பார். எனக்கும் ஒரு தட்டில் வைத்தார்கள். பிரேயர் முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். முதலில் நான் சொல்லவில்லை, நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள் என்றேன். ஒரு பையன் எழுந்து வெட்டுவான் கோயில் கதையைச் சொன்னான்.

உன்னையும் அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை, கோபுரத்துச் சிற்பமெல்லாம் முடிந்து அடிப்பக்கம் முடியாமல் நிற்குமே, அது. ஏன் முடியவில்லை என்பதற்கு அந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. அப்பனும் சிற்பி, மகனும் சிற்பி. மகன் வேலை தன் வேலையை மிஞ்சிவிடும் என்று தெரிந்ததும் அப்பனே அவனை வெட்டிப்போட்டானாம். பையன் ரொம்ப ஜோராகச் சொன்னான், வெட்டுகிற இடத்தில் கையை ஓங்கியே காட்டினான். சொல்லிவிட்டு, "அதான் பாதியோட நிக்கி" என்று உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பின்னால் என் கதையைச் சொன்னேன். ஒரு டீச்சர், அவள் வகுப்பிலேயே படிக்கிற அவள் மகன். கொடிநாளுக்குப் பிள்ளைகள் கொண்டுவந்த காசு காணாமல் போகிறது. மகன் பையில் சில்லறை இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்லமாட்டேன் என்கிறான். எல்லார் முன்னாலும் அடிக்கிறாள். பத்து நாள் கழித்து, காணாமல் போன காசு அவள் வீட்டுப் பரணில் சாக்பீஸ் பெட்டிக்குள்ளேயே கிடைக்கிறது, அவளே வைத்து அவளே மறந்தது. மறுநாள் பிரேயரில், தலைமையாசிரியரும் இருநூறு பிள்ளைகளும் பார்த்திருக்க, மகன் முன்னால் போய் நின்று, "நான் செய்தது தப்பு, என்னை மன்னிச்சிரு" என்கிறாள். இந்த இடத்தில் எல்லா ஊரிலும் கைதட்டுவார்கள். அங்கேயும் தட்டினார்கள். "நிஜமா நடந்ததா டீச்சர்?" என்பார்கள். அங்கேயும் கேட்டார்கள். நிஜமாக நடந்தது என்றேன். மூன்று வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தலையில் ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது, எழுந்து, "அதுக்கு அந்தப் பையன் என்ன சொன்னான் டீச்சர்?" என்றது.

மணி அடிச்சிட்டாங்க, அடுத்த தடவை சொல்றேன் என்றேன். மணி அடிக்கவில்லை.

புத்தகம் அச்சாகி வந்து அதற்கு முன்னாலேயே பத்து நாள் ஆகியிருந்தது. உனக்கான இரண்டு பிரதியை பீரோ மேல் வைத்துவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இருந்தேன். அந்தப் பிள்ளை கேட்ட மூன்றாம் நாள் தபால் ஆபீஸ் போனேன்.

ஐயா, பார்சல் வந்தது எனக்குத் தெரியும். தபால் ஆபீஸ் தம்பி 26-ஆம் தேதியே கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிவிட்டான். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் நீ போன் பண்ணவில்லை என்பதும் தெரியும். இரண்டு பக்கம் சால்வையும் வாத்தும் எழுதியது இதை எழுதாமல் இருக்கத்தான்.

பீரோவை ஒழிக்கும்போது 1997 காலண்டர் ஒன்று அகப்பட்டது. இந்த வருஷத்துக் காலண்டரும் அதுவும் ஒன்றே. கிழமை, தேதி எல்லாம் அப்படியே பொருந்துகிறது. கொடிநாள் அன்றைக்கும் ஞாயிறு, போன வாரமும் ஞாயிறு. நான் உன்னை அடித்தது டிசம்பர் 8, திங்கள். பதினெட்டு ரூபாய் எழுபத்தைந்து காசு. உன் பையில் இருந்தது பதினாறு ரூபாய். மர அடிக்கோலால் நாலு அடி. இதெல்லாம் உனக்குத் தெரியும். தைப்பூசம் வரைக்கும் வீட்டிலும் என்னை நீ டீச்சர் என்றே கூப்பிட்டாய், "டீச்சர், தண்ணி", "டீச்சர், சோறு" என்று, அதுவும் உனக்குத் தெரியும். அப்பா அதை வேடிக்கையாக எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

உனக்குத் தெரியாதது இதுதான். அரையாண்டு லீவில் துணைக்கருவி செய்யலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்த சாக்பீஸ் பெட்டிகளை இறக்கினேன். மூன்றாவது பெட்டியில் கைக்குட்டை முடிச்சு இருந்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். நாலணா, எட்டணா, ஒரு ரூபாய். காசு சரியாக இருந்தது. அந்த நேரம் நீ திண்ணையில் இருந்தாய். 'நான் இனிமேல் திருட மாட்டேன்' என்று நூறு தடவை எழுதச் சொல்லி நான்தான் உட்கார வைத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறுபதோ எழுபதோ ஆகியிருக்கும். கையை உதறி உதறி எழுதிக்கொண்டிருந்தாய்.

நிறுத்து என்று சொல்லவில்லை. மிச்சத்தையும் எழுதி முடித்தாய். கொண்டுவந்து நீட்டினாய். வாங்கிப் பார்த்து, சிவப்பு மையில் டிக் போட்டு, தேதியும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கதையில் வருகிற பிரேயர் நடக்கவில்லை. நீ அதைப் படித்திருப்பாய், படித்ததும் தெரிந்திருக்கும், காசு கிடைத்துவிட்டது என்று. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி, ஊர் ஊராகப் போய்க் கைதட்டும் வாங்கியிருக்கிறாள் என்றும் தெரிந்திருக்கும். அச்சில் போட்டு அனுப்பிவிட்டால் உன்னிடம் சொன்னதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். தபாலில் போட்ட அன்றைக்கே அது அப்படி ஆகாது என்று தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். டீச்சர் பிள்ளை என்பதால் விட்டுவிட்டாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் முதலில் அடித்தேன். அடித்ததும் ஊரில் எனக்கு நல்ல பேர். "சொந்தப் பிள்ளையையே விடலையே டீச்சர்" என்றார்கள். அந்தப் பேரைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. பயம், மானம் என்று எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். இதுதான்.

காசை என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கொடிநாள் பணத்தை அப்போதே கையிலிருந்து கட்டிவிட்டேன், அதனால் இது மிச்சம். தைப்பூசத்துக்குக் கழுகுமலைக்குப் போனோமே, நீயும் அப்பாவும் நானும். உண்டியலில் போட்டேன். உன் கையிலும் நாலு காசு கொடுத்துப் போடச் சொன்னேன். "எதுக்கு டீச்சர்?" என்றாய். வேண்டிக்கொண்டு போடு என்றேன். அப்பாவுக்கு இது இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இப்போது ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார்.

உன் பதினாறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்துவிட்டது. வடக்கு வீட்டு அத்தை சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டியிருக்கிறாய், குரோஸ் கணக்கில் கூலி. நானோ அந்த வருஷம் வீடு வீடாகப் போய், பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு விடாதீர்கள் என்று சண்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். அத்தைக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்றுதான் நீ வாயைத் திறக்கவில்லை. லயன் காமிக்ஸ் வாங்கச் சேர்த்த காசாம் அது. வாங்கித் தரமாட்டேன் என்று சொன்னதும் நான்தான், படிக்கிற பிள்ளைக்குப் படக்கதை எதற்கு என்று. இப்போது பெற்றோர் கூட்டத்தில் போய், காமிக்ஸ் படிக்க விடுங்கள், வாசிப்பு அப்படித்தான் தொடங்கும் என்று பேசுகிறேன். நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள்.

எயிட்டீஸில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிரம்பு இல்லாத வகுப்பு கிடையாது. 2009-இல் சட்டம் வந்து அடிக்கக் கூடாது என்று ஆன பிறகு நானும் நிறுத்தினேன், எல்லாரையும் போல. அதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கு இல்லை. "நீங்க அடிப்பீகளா டீச்சர்?" என்று இப்போது கேட்கிறார்கள். இல்லையே, நான் கதை சொல்கிறவள் என்பேன்.

ஜனவரியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். வாசிப்பு விழாவாம். நுழை, நட, ஓடு, பற என்று அரசாங்கம் கொடுத்த குட்டிப் புத்தகங்களை எல்லாம் பிள்ளைகள் வாசித்துக் காட்டப் போகிறார்கள். அந்த ரிப்பன் பிள்ளை விடாது, கேட்கும். போகலாமா வேண்டாமா என்று இன்னும் பதில் சொல்லவில்லை. மறு பதிப்பு வந்தால் அந்தக் கதையை எடுத்துவிடச் சொல்லலாம். நீ எடு என்றால் எடுத்துவிடுகிறேன். முன்னூறு பிரதிதான் போட்டார்கள், மறு பதிப்பு வருவதற்குள் எனக்கு எண்பது வயசாகிவிடும், அது வேறு விஷயம். வேண்டாம் என்றால் இனிமேல் வாயாலும் சொல்லமாட்டேன்.

போனில் இதைப் பேசவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல எட்டு மணிக்குப் பண்ணு, குட்டியைப் பேசவிடு, அப்பாவிடம் கிரிக்கெட் பேசு. என்னிடம் கொடுக்கவேண்டாம் என்று தோன்றினால் கொடுக்கவேண்டாம். அப்பா ஸ்பீக்கரில்தான் போடுவார், நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

ராத்திரியில் வண்டியை மெதுவாக ஓட்டு. வாரை மாட்டு.

அன்புடன்
அம்மா

பின்குறிப்பு: கடலை மிட்டாயைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கச் சொல். இந்நேரம் நமத்திருக்கும். நமத்தாலும் வெயிலில் வைக்காதே, பாகு விட்டுவிடும்.